சொல்வளப் பாடம்: 'குடீஸ்' – பொருளும் பிரயோகமும்



ஆங்கில வினாத்தாளில் புள்ளிகள் குறைவதற்குத் தெரியாத சொற்கள்தான் காரணம் என்று பலர் நினைக்கின்றனர். விடைத்தாள்களைத் திருத்திப் பார்த்தால் வேறொன்று தெரியும். தெரியாத சொல்லைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகின்றனர். தெரிந்த சொல் என்று நம்பி எழுதியதில்தான் பிழை விடுகின்றனர். 'குட்' என்ற சொல்லை நாம் ஆரம்ப வகுப்பிலேயே படித்துவிட்டோம். அதனால் 'குடீஸ்' என்ற சொல்லைக் கண்டதும் "நல்லவைகள்" என்றோ "பொருட்கள்" என்றோ எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். இரண்டுமே அந்த இடத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.

இப்பாடத்தை முடிக்கும்போது உங்களால்:
(அ) 'குடீஸ்' என்ற சொல்லைச் சரியாக உச்சரித்து எழுதவும்,
(ஆ) அதன் நான்கு பொருள்களை இடமறிந்து பிரித்தறியவும்,
(இ) எங்கே எழுதலாம், எங்கே எழுதக்கூடாது என்று தீர்மானிக்கவும் முடிய வேண்டும்.

குறிப்பு: ஆங்கில வசனங்கள் அனைத்தும் உச்சரிப்பு வடிவில் தமிழில் தரப்பட்டுள்ளன. ஒவ்வொன்றையும் உரக்க வாசித்து, அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலை உங்கள் அப்பியாசக் கொப்பியில் நீங்களே எழுதுங்கள். கண்ணால் மட்டும் வாசித்தால் இப்பாடத்தின் பாதிப் பயன் போய்விடும்.

1. உச்சரிப்பும் எழுத்துக்கூட்டலும்

எழுத்துக்கூட்டல்: ஜீ – ஓ – ஓ – டீ – ஐ – ஈ – எஸ்.

இரண்டு 'ஓ' சேர்ந்து வந்தாலும் இங்கே ஒலி குறில்தான். 'புக்', 'லுக்', 'குட்' ஆகியன குறில் ஒலி. 'ஃபூட்', 'மூன்', 'ஸ்கூல்' ஆகியன நெடில் ஒலி. எனவே 'கூடீஸ்' என்று இழுக்காமல் 'குடீஸ்' என்று சொல்லுங்கள்.

கடைசி எழுத்து 'எஸ்' ஆனாலும் அதன் ஒலி 'ஸெட்' எழுத்தின் ஒலியாகும். தமிழில் இவ்விரண்டு ஒலிகளையும் 'ஸ' என்ற ஒரே எழுத்தால் எழுதுகிறோம். ஆனால் நம் பகுதிப் பிள்ளைகளின் நாவுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. 'ஸலாம்' என்று சொல்லிப் பாருங்கள். பின்னர் 'ஸகாத்' என்று சொல்லிப் பாருங்கள். குர்ஆன் ஓதப் பழகியவர்கள் இரண்டையும் வெவ்வேறாகவே உச்சரிப்பார்கள். 'ஸலாம்' முதல் ஒலி எஸ். 'ஸகாத்' முதல் ஒலி ஸெட். 'குடீஸ்' என்பதன் இறுதியில் வருவது 'ஸகாத்' ஒலி. 'டொய்ஸ்', 'கேர்ள்ஸ்', 'ஈஸ்' போன்ற எத்தனையோ சொற்களுக்கு இந்த ஒரு பயிற்சி போதும்.

தமிழில் செல்லமாகச் சொல்லும் 'குட்டீஸ்' என்ற சொல்லோடு இதை மயக்க வேண்டாம். அது நம் 'குட்டி' என்ற சொல்லோடு ஆங்கிலப் பன்மை விகுதி ஒட்டியது. பொருள்: சின்னஞ்சிறுவர்கள். ஆங்கிலத்தில் அப்படியொரு சொல் இல்லை.

2. ஒருமையும் பன்மையும்

ஒருமையில் 'குடீ'. அதை 'வை' எழுத்தில் முடித்தும் எழுதலாம். 'ஐ–ஈ' என முடித்தும் எழுதலாம். இரண்டும் சரியே. பன்மையில் ஒரே வடிவம்தான்: ஐ–ஈ–எஸ்.

விதி: மெய்யெழுத்துக்குப் பின் 'வை' வந்தால், பன்மையில் 'வை' நீங்கி 'ஐ–ஈ–எஸ்' வரும்.
சிட்டி – சிட்டீஸ், ஸ்டோரி – ஸ்டோரீஸ், கென்டி – கென்டீஸ், குடீ – குடீஸ்.
ஆனால் உயிரெழுத்துக்குப் பின் 'வை' வந்தால் 'எஸ்' மட்டும் சேரும்: டே – டேஸ், டொய் – டொய்ஸ்.

தின்பண்டம், பரிசு என்ற பொருளில் இச்சொல் பெரும்பாலும் பன்மையிலேயே வரும். ஆகவே:
சரி: த குடீஸ் ஆர் ஒன் த டேபிள்.
பிழை: த குடீஸ் இஸ் ஒன் த டேபிள்.
சரி: ஸம் குடீஸ், மெனி குடீஸ், எ பேக் ஒஃப் குடீஸ்.
பிழை: எ குடீஸ், மச் குடீஸ்.

ஈற்றில் வரும் இந்த 'ஈ' ஒலி ஆங்கிலத்தில் பல இடங்களில் செல்லத்தைக் காட்டும். 'டாட்' என்பது 'டாடி' ஆகிறது. 'ஆன்ட்' என்பது 'ஆன்டி' ஆகிறது. 'பேர்ட்' என்பது 'பேர்டி' ஆகிறது. நம் வீடுகளில் "மகனே" என்பது "மனே" ஆகும்போது சொல்லில் ஒரு நெருக்கம் கூடுகிறதல்லவா? அதுபோன்றதே இதுவும். 'குடீஸ்' என்பது நெருக்கத்தில் பிறந்த சொல். இதை மனதில் வைத்துக்கொண்டால் 4ஆம் பகுதி இலகுவாக விளங்கும்.

3. நான்கு பொருள்கள்

பொருள் 1: வாய்க்கு ருசியான தின்பண்டங்கள்.
த டேபிள் வோஸ் ஃபுல் ஒஃப் குடீஸ்.
(மேசை நிறையத் தின்பண்டங்கள் இருந்தன.)

பெருநாள் காலையில் உம்மா தட்டில் அடுக்கும் வட்டிலப்பம், தொதல், மஸ்கட், பணியாரம் எல்லாம் குடீஸ்தான். ஆனால் சோறும் கறியும் குடீஸ் அல்ல. பசிக்குச் சாப்பிடுவதை இச்சொல் குறிப்பதில்லை. ஆசைக்குத் தின்பதையே குறிக்கும்.

பொருள் 2: கிடைத்தால் மகிழ்ச்சி தரும் பொருட்கள், சிறு பரிசுகள்.
த வினர்ஸ் கொட் எ பேக் ஒஃப் குடீஸ்.
(வெற்றி பெற்றோருக்குப் பரிசுப் பொதியொன்று கிடைத்தது.)

இந்தப் பையினுள் பேனா, கொப்பி, தொப்பி, திறப்புக்கோவை என எதுவும் இருக்கலாம். தின்பண்டம் இருக்க வேண்டும் என்பதில்லை. பிறந்தநாள் விழா முடிந்து போகும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பும் சிறு பையை 'குடீ பேக்' என்பர். கருத்தரங்குகளில் வழங்கும் பைக்கும் இப்பெயர் உண்டு.

இதே பொருள் பத்திரிகைகளில் சற்றுக் கேலியாகவும் வரும். தேர்தல் காலத்தில் அரசியல்வாதிகள் அள்ளி வழங்கும் சலுகைகளை ஆங்கிலப் பத்திரிகையாளர் 'இலெக்ஷன் குடீஸ்' என்று எழுதுவதுண்டு. மிட்டாய் காட்டிக் குழந்தையை மயக்குவதுபோல் மக்களை மயக்குகிறார்கள் என்ற குத்தல் அதில் மறைந்திருக்கும். எழுத்தாளரின் மனப்பான்மை என்ன என்று வினா வந்தால் இந்தக் குறிப்பு உதவும்.

பொருள் 3: கதையிலும் திரைப்படத்திலும் வரும் நல்லவர்கள்.
த குடீஸ் வின் இன் த என்ட்.
(இறுதியில் நல்லவர்களே வெல்கிறார்கள்.)

இதன் எதிர்ச்சொல் 'பேடீஸ்'. இப்பொருளில் ஒருமையும் தாராளமாக வரும்: ஹீ இஸ் எ குடீ. ஆனால் அயலில் உள்ள ஒரு நல்ல மனிதரைப் பாராட்ட இப்படி எழுத வேண்டாம். அவர் 'எ குட் மேன்'. 'குடீ' என்பது கதாபாத்திரத்துக்கே உரியது.

பொருள் 4: மகிழ்ச்சிக் குரல்.
ஓ குடீ! நோ ஸ்கூல் டுமொரோ.
("ஐ! நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை.")

இது பெரும்பாலும் சிறு பிள்ளைகளின் வாயில் வருவது. இப்பொருளில் பன்மை கிடையாது.

எப்படிப் பிரித்தறிவது? சொல்லைத் தனியே பார்க்காமல் அதன் அயலைப் பாருங்கள். அருகில் 'ஈட்', 'பேக்', 'ப்ளேட்', 'கிச்சன்' போன்றவை வந்தால் தின்பண்டம். 'ப்ரைஸ்', 'ஃப்ரீ', 'கிஃப்ட்' வந்தால் பரிசு. 'ஃபில்ம்', 'ஸ்டோரி', 'பேடீஸ்' வந்தால் நல்லவர்கள். வசனத்தின் முதலில் தனியே நின்று ஆச்சரியக்குறி பெற்றால் மகிழ்ச்சிக் குரல்.

கவனிக்க: 'பேக்' என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு உண்டு. சமையலறையில் வேகவைப்பது கே–ஈ எழுத்துகளில் முடியும். தோளில் போடும் பை ஜீ எழுத்தில் முடியும். உச்சரிப்பிலும் வேறுபாடு உண்டு. கொப்பியில் எழுதும்போது பிரித்து எழுதுங்கள்.

4. யாரிடம் சொல்வது? எங்கே சொல்வது?

ஒரு சொல்லின் பொருளை அறிவது பாதி அறிவு. அதை யாரிடம், எங்கே சொல்வது என்று அறிவதே மறுபாதி. அகராதியில் முதற்பாதி மட்டும் பார்த்தவர் மற்றப் பாதியில் புள்ளி இழப்பார்.

தமிழில் இதை நீங்கள் ஏற்கனவே சரியாகச் செய்கிறீர்கள். கல்முனைக்குப் போய்வரும் வாப்பாவிடம் "தின்ன என்ன கொண்டு வந்தீங்க?" என்று கேட்பீர்கள். அதே நீங்கள் பாடசாலை விழாவின் அழைப்பிதழில் "தின்னத் தரப்படும்" என்று எழுதுவீர்களா? "சிற்றுண்டி வழங்கப்படும்" என்றுதான் எழுதுவீர்கள். எவரும் உங்களுக்கு விதி சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டு வந்த பழக்கம் அது. ஆங்கிலத்தை நாம் அந்தளவு கேட்பதில்லை. அதனால் விதியாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

'குடீஸ்' என்பது பேச்சு வழக்குச் சொல்.

எழுதலாம்: நண்பருக்கான சிறு குறிப்பு, உறவினருக்கான கடிதம், உரையாடல், நாட்குறிப்பு, சிறுவர் கதை.

எழுதக்கூடாது: அதிபருக்கான கடிதம், வேலை விண்ணப்பம், கூட்ட அறிக்கை, அறிவித்தல், முறையான அழைப்பிதழ்.

முறையான இடத்தில் இதற்குப் பதிலாக வருவது 'ரிஃப்ரெஷ்மன்ட்ஸ்'. பரிசு என்ற பொருளில் 'கிஃப்ட்ஸ்' அல்லது 'ப்ரைஸஸ்'.

5. அயற் சொற்கள்

ஸ்வீட்ஸ், கென்டி, லொலீஸ்: மூன்றும் இனிப்பு மிட்டாயைக் குறிக்கும். பிரித்தானியர் முதலாவதையும், அமெரிக்கர் இரண்டாவதையும், அவுஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் மூன்றாவதையும் வழங்குகின்றனர். நாம் எழுதுவதற்கு 'ஸ்வீட்ஸ்' போதும். வாசிக்கும்போது மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

டொபி: நம் ஊர்க் கடையில் தாளில் சுற்றிய எந்த மிட்டாயும் 'டொபி'தான். பிரித்தானிய ஆங்கிலத்தில் அது சீனியையும் பட்டரையும் சேர்த்துக் காய்ச்சும் ஒருவகை இனிப்பு மட்டுமே. ஆகவே பொதுவாக மிட்டாய் என்று எழுத 'ஸ்வீட்ஸ்' என்றே எழுதுங்கள்.

ஸ்னெக்ஸ்: பிரதான வேளை உணவுக்கு இடையில் உண்பது. இனிப்பாகவும் இருக்கலாம், உறைப்பாகவும் இருக்கலாம். பேச்சிலும் எழுத்திலும் ஏற்கத்தக்க நடுநிலைச் சொல்.

ஷோர்ட் ஈட்ஸ்: ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட், சமோசா ஆகியவற்றைச் சேர்த்து நாம் சொல்லும் பெயர். கல்முனை முதல் கொழும்பு வரை எந்தப் பேக்கரியில் கேட்டாலும் விளங்கும். இலண்டனில் உள்ள ஒருவருக்கு விளங்காமல் போகலாம். அதற்காக இதைப் பிழையான ஆங்கிலம் என்று சொல்லிவிட முடியாது. மைக்கல் மெய்லர் 2007இல் வெளியிட்ட இலங்கை ஆங்கில அகராதியில் இச்சொல்லுக்கு இடமுண்டு. இது நம் நாட்டு ஆங்கிலம். இலங்கையர் வாசிக்கும் குறிப்பில் தயங்காமல் எழுதலாம். வெளிநாட்டு நண்பருக்கு எழுதும்போது 'ஸ்னெக்ஸ்' என்று எழுதுவது நல்லது. இங்கேயும் அதே கேள்விதான்: வாசிப்பவர் யார்?

ட்ரீட்: இது 'குடீஸ்' போல் ஒரு பொருளைக் குறிப்பதோடு நிற்பதில்லை, ஓர் அனுபவத்தையும் குறிக்கும். வாப்பா குடும்பத்தோடு அறுகம்பைக்கு அழைத்துச் சென்றால் அதுவும் 'எ ட்ரீட்'. "பாஸானா ட்ரீட் வை" என்று நண்பர்கள் கேட்பது பெயர்ச்சொல். ஆங்கிலத்தில் இதே சொல் வினையாகவும் வரும். அப்போது மூன்று பொருள்:
– ஹீ ட்ரீட்டட் அஸ் டு ஐஸ்க்ரீம். (எங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.)
– த டொக்டர் ட்ரீட்டட் ஹிம். (வைத்தியர் அவருக்குச் சிகிச்சை அளித்தார்.)
– தே ட்ரீட்டட் அஸ் வெல். (எங்களை நல்லபடி நடத்தினார்கள்.)
'வைத்தியர் விருந்து கொடுத்தார்' என்று எழுதிவிடாதீர்கள்!

6. மயங்கும் சொற்கள்

'குட்ஸ்': வியாபாரப் பொருட்கள், சரக்கு. இது பேச்சு வழக்கல்ல, முறையான சொல். மருதமுனை நெசவாளர் விற்பனைக்கு அனுப்பும் சாரமும் சேலையும் 'குட்ஸ்'. அதே சேலையை உம்மா பெருநாளுக்குப் பரிசாகப் பெற்றால், பிள்ளைகள் அதைக் 'குடீஸ்' எனலாம். பொருள் ஒன்றே, பார்வைதான் வேறு. சரக்குப் புகையிரதம் 'குட்ஸ் ட்ரெய்ன்'. அதைக் 'குடீஸ் ட்ரெய்ன்' என்று எழுதினால் மிட்டாய் வண்டியாகிவிடும்.

'குட்' என்பது பெயரடை. பன்மைப் பெயருக்கு முன் வந்தாலும் அது மாறாது. குட் போய்ஸ் என்பதே சரி. குட்ஸ் போய்ஸ் என்பது பிழை.

'குடீ–குடீ': இரண்டு முறை சொன்னால் பாராட்டு இரட்டிக்கும் என்று நினைக்க வேண்டாம். பெரியவர்களின் மெச்சுதலுக்காக நல்ல பிள்ளைபோல் நடப்பவரைக் கேலி செய்யும் சொல் இது.

'குடீ டூ ஷூஸ்': இதற்கும் அதே கேலிப் பொருளே. ஆனால் இதன் தோற்றம் வேறு. 1765இல் இலண்டனில் ஜோன் நியூபெரி வெளியிட்ட சிறுவர் கதையொன்றின் நாயகி ஏழை அநாதைச் சிறுமி. ஒற்றைச் சப்பாத்தோடு திரிந்தவளுக்கு ஒரு சோடி கிடைத்ததும், இரண்டு சப்பாத்து இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்ததால் அப்பெயர் வந்தது. அதில் வரும் 'குடீ' என்பது, குடும்பப் பெண்ணைக் குறித்த 'குட்வைஃப்' என்ற பழைய சொல்லின் சுருக்கம், தின்பண்டத்தோடு தொடர்பில்லாதது. வறுமையிலும் படித்து ஆசிரியையான அந்தச் சிறுமியின் பெயர் இன்று கேலிச்சொல்லாக வழங்குகிறது. சொற்களின் பொருள் காலத்தோடு மாறும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

7. மாதிரி விடைகள்

சந்தர்ப்பம்: வியாழக்கிழமை உங்கள் வகுப்பில் ஆங்கில தின நிகழ்ச்சி.

(அ) நண்பருக்குச் சிறு குறிப்பு
டியர் ஃப்ரென்ட்,
வீ ஆர் ஹேவிங் எ ஸ்மோல் பார்ட்டி ஒன் தேர்ஸ்டே ஆஃப்டர் த ப்ரோக்ராம். மை மதர் இஸ் மேக்கிங் வட்டிலப்பம். ப்ளீஸ் ப்ரிங் ஸம் குடீஸ் ஃப்ரொம் ஹோம். டோன்ட் பீ லேட்!

(ஆ) அதிபருக்கான கடிதத்தில் ஒரு பகுதி
வீ வுட் லைக் டு சேர்வ் ரிஃப்ரெஷ்மன்ட்ஸ் ஆஃப்டர் த ப்ரோக்ராம். வீ கைன்ட்லி ரிக்வெஸ்ட் யுவர் பெர்மிஷன்.

இரண்டையும் ஒப்பிடுங்கள். உணவு ஒன்றுதான், மேசையும் ஒன்றுதான். நண்பரிடம் 'குடீஸ்', அதிபரிடம் 'ரிஃப்ரெஷ்மன்ட்ஸ்'. முதலாவதில் 'டோன்ட்' என்ற சுருக்க வடிவமும் ஆச்சரியக்குறியும் வந்துள்ளன. இரண்டாவதில் அவை இல்லை. ஒரு சொல் நெருக்கமானால் பக்கத்துச் சொற்களும் நெருக்கமாக வேண்டும். ஒன்று முறைசார்ந்தால் எல்லாம் முறைசார வேண்டும்.

வட்டிலப்பத்துக்கு ஆங்கிலச் சொல் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பெயரை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதலாம். வாசிப்பவர் வெளியூரவர் என்றால், முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து அவித்த இனிப்பு என்று ஒரு வசனம் சேர்த்துவிடுங்கள். அந்த வசனமே உங்கள் விடையை மற்றவர்களின் விடையிலிருந்து வேறுபடுத்திக் காட்டும்.

8. பயிற்சி

I. கோடிட்ட சொல்லின் பொருள் எது? (தின்பண்டம் / பரிசு / நல்லவர்கள் / மகிழ்ச்சிக் குரல்)
1. ஷீ டுக் த _குடீஸ்_ அவுட் ஒஃப் த அவன்.
2. ஓ _குடீ_! க்ரேன்ட்மா இஸ் கமிங்.
3. எவ்ரி ரன்னர் கொட் ஃப்ரீ _குடீஸ்_: எ கெப் என்ட் எ பென்.
4. இன் திஸ் ஃபில்ம் த _குடீஸ்_ வெயார் வைட்.

II. பிழை திருத்துக.
5. தெயார் இஸ் மச் குடீஸ் இன் த பொக்ஸ்.
6. த லொரி கெரீஸ் குடீஸ் டு த ஹோல்சேல் ஷொப். (வியாபாரச் சரக்கு என்ற பொருளில்)
7. ஷீ ஈஸ் எ குடீ–குடீ டீச்சர். (பாராட்டும் பொருளில்)

III. பொருத்தமான சொல்லைத் தெரிவு செய்க. (குடீஸ் / ரிஃப்ரெஷ்மன்ட்ஸ்)
8. பழைய மாணவர் சங்கக் கூட்ட அறிவித்தல்: ....... வில் பீ சேர்வ்ட்.
9. தம்பிக்கு எழுதும் குறிப்பு: டோன்ட் ஈட் ஓல் த .......!

விடைகள்
1. தின்பண்டம். 2. மகிழ்ச்சிக் குரல். 3. பரிசு (தொப்பியும் பேனாவும் என்று பின்னால் வருவதைக் கவனிக்க). 4. நல்லவர்கள். 5. தெயார் ஆர் மெனி குடீஸ் இன் த பொக்ஸ். 6. குடீஸ் என்பதற்குப் பதில் குட்ஸ். 7. ஷீ ஈஸ் எ குட் டீச்சர். 8. ரிஃப்ரெஷ்மன்ட்ஸ். 9. குடீஸ்.

7 அல்லது அதற்கு மேல் சரியாயின் நன்று. அதற்குக் குறைவாயின் 3ஆம், 4ஆம் பகுதிகளை மீண்டும் வாசித்து, நாளை மறுபடியும் செய்து பாருங்கள்.

ஞாபகத்தில் வைக்க

– தின்பண்டம், பரிசு என்ற பொருளில் இச்சொல் பன்மையில் வரும். 'ஆர்', 'மெனி' என்பவற்றோடு சேரும்.
– பொருளை அயற் சொற்களே காட்டித்தரும்.
– நண்பருக்கு எழுதலாம், அதிபருக்கு எழுதக்கூடாது.

புதிய ஆங்கிலச் சொல் எதைப் படித்தாலும் கொப்பியில் அதன் பொருளோடு நிறுத்திவிடாமல், பக்கத்தில் "யாரிடம்?" என்று ஒரு நிரலும் போட்டுக்கொள்ளுங்கள். பரீட்சை முடிந்து கொப்பியை மூடிய பிறகும் அந்த நிரல் கைகொடுக்கும். நேர்முகப் பரீட்சையிலும், வேலை விண்ணப்பத்திலும், கடல் கடந்து போய்ப் பிழைக்க நேரும் இடத்திலும் உங்கள் ஆங்கிலத்தை எடைபோடுபவர், எத்தனை சொல் தெரியும் என்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். இடமறிந்து பேசுகிறாரா என்றே பார்ப்பார்.